கடல் கொண்ட நாட்டுக்குச் சமவுயரக்கோடு: கற்பனை நிலத்தைத் தலப்படமாக வரையும் முறை பற்றிய ஆய்வு

1. பொருளும் எல்லையும்

தலப்படம் என்பது நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து, சமவுயரக்கோடுகளால் தாளில் இறக்கிய படம். அளப்பதற்கு நிலமே இல்லாதபோது அப்படியொரு படத்தை வரையலாமா, வரைந்தால் பார்ப்பவர் நம்பும்படி அமைய எவை தேவை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மேற்குலகில் இது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954இல் வெளிவரத் தொடங்கியபோது அதன் வரைபடங்களை அவர் மகன் கிறிஸ்டோபர் வரைந்து கொடுத்தார். 1981இல் கேரன் வின் ஃபான்ஸ்டாட் என்ற புவியியல் பயின்ற பெண்மணி, அந்தக் கற்பனை உலகுக்குப் பாறை வகை, தட்பவெப்பம், படை நடந்த வழி என்று ஒரு முழு நிலப்பட நூலே தொகுத்தார். தமிழில் எழுதப்படும் மிகைபுனைவுகளுக்கும் இளைஞர்கள் இப்போது கணினியில் படம் வரைகிறார்கள். அவர்களில் பலருக்கும் முன்மாதிரி ஆங்கிலப் புத்தகம்தான். தமிழில் நூறாண்டுக்கும் மேலாக வரையப்பட்டுவரும் ஒரு கற்பனை நிலம் இருப்பதை யாரும் இந்தக் கோணத்தில் எடுத்துப் பார்ப்பதில்லை. அது, குமரி முனைக்குத் தெற்கே இருந்து கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டம்.

இக்கட்டுரை குமரிக்கண்டப் படங்களைப் படமாக மட்டும் ஆராய்கிறது. அவற்றின் குறையையும் அவற்றில் புதைந்திருக்கும் அருமையான வாய்ப்பையும் காட்டிய பிறகு, மும்பைக்கு அருகிலுள்ள அம்பர்நாத்தைச் சுற்றியுள்ள மலையையும் ஆற்றையும் பாடநூலாகக் கொண்டு வரைமுறையை வகுக்க முயல்கிறது. பெயரை முதலில் எழுதி நிலத்தைப் பின்னால் பொருத்தினால் படம் பொய்த்துப்போகும். பாறையையும் நீரையும் முதலில் நிறுத்தினால் பெயர்கள் தாமே இடம் பிடிக்கும். இதுவே என் கருத்து.

2. குமரிக்கண்டப் படங்களின் வரலாறு

2.1. பின்னர் தமிழில் குமரிக்கண்டமாகக் கொள்ளப்பட்ட இலெமூரியா என்ற பெயரை 1864இல் வைத்தவர் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் உள்ள விலங்குகளின் ஒற்றுமையை விளக்க, இடையே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். கண்டங்கள் நகரும் என்று அறியாத காலம் அது. ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கெல் அந்த நிலத்தையே மனித இனத்தின் தொட்டிலாக்கிப் படம் போட்டார். பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஸ்காட்-எலியட் 1904இல் வெளியிட்ட நூலில் அது உலகையே வளைத்த பெருநிலமாக விரிந்தது.

2.2. தமிழில் இதைக் காட்டிய முதல் படம் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழில் வந்தது. வரைந்தவர் சுப்பிரமணிய சாஸ்திரி. கண்டம் அளவுக்கு நிலம் மூழ்கியது என்ற கருத்தை மறுக்கவே அவர் அதை வரைந்தார் என்பது இன்று மறந்துபோன செய்தி. பழைய உரைகள் சொல்லும் நிலம் ஒரு தாலுகா அளவைத் தாண்டாது என்பது அவர் வாதம். மறுப்பாகப் பிறந்த படத்தின் வழித்தோன்றல்கள் எல்லாம் வேறு திசையில் போயின. 1927இல் பூரணலிங்கம் பிள்ளை தம் நூலில் இலக்கியப் பெயர்களை இட்டு நிரப்பிய படத்தை வெளியிட்டார். 1946இல் புலவர் குழந்தையின் படத்தில் பழைய சங்கங்கள் இருந்ததாகச் சொல்லப்படும் தென்மதுரையும் கபாடபுரமும் புள்ளிகளாக இடம்பெற்றன. 1977இல் இரா. மதிவாணனின் படம் பழைய உரை சொல்லும் நாற்பத்தொன்பது நாடுகளையும் வகுத்துக் காட்டியது. 1991இல் அவரே வரைந்த இன்னொரு படத்தில் குமரி முனையிலிருந்து அண்டார்க்டிகா வரை நிலப்பாலம் நீண்டது. 1981இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் அரசு ஆதரவில் ஆவணப்படமே திரையிடப்பட்டது. இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்தவர் சுமதி ராமசுவாமி. அவருடைய ஆங்கில நூல் 2004இல் வெளிவந்தது.

2.3. இந்த வரிசையை மேலிருந்து கீழே பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஒவ்வொரு படத்திலும் முன்னதைவிடப் பெயர்கள் கூடின, பரப்பும் கூடியது. நிலத்தின் உருவம் மட்டும் கூடவில்லை. பஃறுளியாறு எந்த மலையில் பிறந்தது, அதன் துணையாறுகள் எவை, குமரிக்கோடு என்னும் மலையின் எந்தப் பக்கம் செங்குத்து, எந்தப் பக்கம் சாய்வு என்பன போன்ற கேள்விகளை எவரும் பொருட்படுத்தவில்லை. படிப்பவர் ஒவ்வொரு பெயரையும் நம்புகிறார். நின்று பார்க்கும் அளவுக்கு ஓர் இடம்கூட அவருக்குக் கிடைப்பதில்லை.

3. அளவை

3.1. கற்பனை நிலத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே எழுநூற்றுக் காவதம் என்கிறார். காவதம் பத்து மைல் என்று கொள்வோர் உண்டு. அப்படியானால் 7,000 மைல், அதாவது ஏறக்குறைய 11,200 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து தென்துருவமே சுமார் 10,900 கிலோமீட்டர்தான். நாடு துருவத்தைக் கடந்து மறுபுறம் ஏறத் தொடங்கிவிடும். காவதத்தை ஏழு கிலோமீட்டராகக் குறைத்தாலும் 4,900 கிலோமீட்டர் வருகிறது; தெற்கு எல்லை தென் அட்சரேகை 36 பாகை அருகே, குளிர்நாட்டில் போய் நிற்கும். அங்கே தென்னை வளராது. உரையாசிரியரோ தெங்க நாட்டைப் பேசுகிறார்.

இந்தச் சிறு கணக்கை எந்தப் படத்திலும் யாராவது போட்டிருந்தால் படம் வேறாக இருந்திருக்கும். தூரம், தட்பவெப்பம், பயிர் மூன்றும் ஒன்றையொன்று பிடித்து நிற்பவை. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே வரும்.

3.2. உண்மையான கடலடியைக் கொண்டு வரைய விரும்புவோருக்கு வேறு வழி உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கடல் ஆழப் படத்தில் 120 மீட்டர் கோட்டை எடுத்து அதைக் கரையாக வைத்தால் போதும். இலங்கை தரைவழி தமிழகத்தோடு ஒட்டிக்கொள்ளும். கன்னியாகுமரிக்குத் தெற்கே, இன்று மீனவர்கள் நன்கறிந்த வாட்ஜ் திட்டுப் பகுதியில், கொஞ்சம் நிலம் எழும்பும். அதற்கப்பால் கடலடி ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குச் சரிந்துவிடுகிறது. கண்டம் கிடைக்காது, ஆறும் உப்பங்கழியும் மணல்மேடும் கொண்ட ஒரு கரையோர நாடு கிடைக்கும். கடல் மெல்ல ஏறி ஊரை விழுங்கும் கதையை எழுத எனக்கு இந்தச் சிறு நாடே உயர்ந்ததாகத் தோன்றுகிறது. சாஸ்திரியின் தாலுகா இதற்குத்தான் நெருக்கம்.

4. பாறையும் நீரும்: அம்பர்நாத் தரும் பாடம்

4.1. கற்பனை மலையை வரைய உண்மை மலையைப் பார்த்துப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. மும்பைத் தமிழருக்கு அம்பர்நாத் மிக நல்ல பயிற்சிக் களம். ஊர் கடல்மட்டத்திலிருந்து சில பத்து மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. தெற்கே மலங்கட் தொடங்கி மாத்தேரான் வரை மலைத்தொடர் ஓடுகிறது. மாத்தேரானின் உச்சி சுமார் 800 மீட்டர். உச்சியோ மேசைபோலத் தட்டையானது.

அந்தத் தட்டைக்குக் காரணம் பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு வெடிப்புகளின் வழியே பெருகி, பரவி, ஆறி, மறுபடி அதன்மேல் பெருகியது. இன்றும் ஏறத்தாழ ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அந்தக் கருங்கல் அடுக்கு கிடக்கிறது. கெட்டியான அடுக்கு செங்குத்துச் சுவராக நிற்கும். இடையிலுள்ள மென்மையான அடுக்கு கரைந்து சரிவாகும். மழைக்காலத்தில் ரயிலில் பதலாப்பூர் பக்கம் போகும்போது மலைமுகத்தில் அருவிகள் ஒரே நேர்க்கோட்டில் வரிசையாகத் தொடங்குவதைக் காணலாம். அந்தக் கோடுதான் அடுக்கின் விளிம்பு.

இந்த நிலத்தின் தலப்படத்தில் சமவுயரக்கோடுகள் நெருங்கும், பிறகு விலகும், மறுபடி நெருங்கும். புதிதாக வரைபவர்கள் மலையை ஒரே சீரான வட்டங்களாக வரைவார்கள். அது மணற்குவியல், மலை ஆகாது. உங்கள் கற்பனை நாட்டின் பாறை எது என்று ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே கோடு போட வேண்டும். கருங்கல் அடுக்கென்றால் படிக்கட்டு மலை, பழைய கடினப் பாறையென்றால் தமிழ்நாட்டுச் சமவெளியில் தனித்து நிற்கும் வழவழப்பான குன்று, சுண்ணாம்புக்கல் என்றால் குகையும் மறைந்தோடும் ஆறும்.

4.2. நீர் பற்றிப் பலரும் நினைப்பது, ஆறு அருகிலுள்ள கடலுக்குப் போகும் என்பது. உல்லாஸ் ஆறு இதை மறுக்கிறது. கர்ஜத்திலிருந்து கடல் மேற்கே இருக்கிறது. ஆறோ வடக்கே ஓடி, நேரல், பதலாப்பூர், கல்யாண் என்று சுற்றித்தான் வசை கழிமுகத்தை அடைகிறது. நடுவில் மாத்தேரான் தொடர் குறுக்கே நிற்பதால் வந்த சுற்று இது. இதைவிடப் பெரிய சான்று கோதாவரி. அரபிக்கடலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில்தான், திரியம்பகத்தில், அது பிறக்கிறது. ஆனாலும் முதுகைத் திருப்பிக்கொண்டு 1,465 கிலோமீட்டர் கிழக்கே ஓடி வங்கக் கடலில் விழுகிறது. சரிவு எந்தப் பக்கம் என்பதே கேள்வி, தூரம் அல்ல.

4.3. சிறிய ஆறுகளே படத்துக்கு உயிர். அம்பர்நாத்தின் வால்துனி ஆறு, அருகிலுள்ள மலையடிவாரத்தில், காகோலே ஊர்ப் பக்கம் தோன்றுகிறது. அங்கே பழைய கிரேட் இந்தியன் பெனின்சுலா (ஜி.ஐ.பி.) ரயில்வே கட்டிய அணை இருக்கிறது. ஆறு ஊருக்குள் வந்து, சிவன் கோயிலை உரசி, உல்லாஸ்நகர் வழியே கல்யாண் அருகே உல்லாஸில் கலக்கிறது. 1060ஆம் ஆண்டைச் சேர்ந்த சிலாஹாரர் காலத்துக் கோயில் அது. கட்டியது உள்ளூர்க் கருங்கல்லால். மண்டபத்திலிருந்து கருவறைக்கு ஏறிப் போவதில்லை; படிகளில் இறங்கிப் போக வேண்டும். மேலே விமானம் முற்றுப்பெறாததால் கருவறை வானுக்குத் திறந்து கிடக்கிறது. கற்பனை நாட்டில் கோயிலை எங்கே வைப்பது என்று திகைப்பவர் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். ஆற்றங்கரை, வெட்டியெடுக்கக் கல், வணிகர் வரும் கல்யாண் துறைமுகத்துக்கு எட்டும் தூரம் என மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. அழகுக்காக மலையுச்சியில் நட்ட கோபுரத்துக்கு இப்படிப்பட்ட காரணம் ஏதும் இருப்பதில்லை.

4.4. சிற்றாறுகளை எத்தனை வரைவது என்பதற்கும் விதி உண்டு. ராபர்ட் ஹார்ட்டன் 1945இலும், ஆர்தர் ஸ்ட்ராலர் 1952இலும் ஆறுகளை வரிசைப்படுத்தும் முறையை அமைத்தனர். கிளையே இல்லாத ஓடை முதல் வரிசை. இரண்டு முதல்வரிசை ஓடைகள் கூடினால் இரண்டாம் வரிசை. இயல்பான வடிநிலங்களில் ஒரு வரிசையில் உள்ள ஓடைகள் அடுத்த வரிசையில் உள்ளவற்றைப் போல் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கும். கற்பனைப் படத்தில் ஒரு பேராற்றுக்கு இரண்டே துணையாறுகள் இருந்தால் கண் உடனே ஐயப்படுவது இதனால்தான். பார்ப்பவருக்கு விதி தெரியாது, ஆனால் வாழ்நாள் முழுதும் ஆறுகளைப் பார்த்த பழக்கம் இருக்கிறது. இன்னொரு பிழையையும் அடிக்கடி காணலாம். ஓர் ஆறு இரண்டாகப் பிரிந்து இரு கடல்களில் விழுவதாக வரைவார்கள். கழிமுகத்தில் ஆறு பிரியும். மலைநாட்டில் ஆறுகள் கூடும்.

5. திணை: நாட்டை நிரப்பும் முறை

மேற்குலக வரைபவர்கள் காட்டுக்குப் பச்சை, பாலைக்கு மஞ்சள் என்று தன்னிச்சையாக வண்ணமிடுகிறார்கள். தமிழனிடம் அதைவிடக் கூர்மையான கருவி இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்பவை உயரத்திலிருந்து கடல்வரை இறங்கும் நிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தொழில், பயிர், விலங்கு, தெய்வம் உண்டு. பாலை தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிவது என்று சிலப்பதிகாரம் சொல்வது ஒரு நிலவியல் அறிஞரின் கூற்றாகவே எனக்குப் படுகிறது.

இங்குதான் நாற்பத்தொன்பது நாடுகளின் பட்டியல் புதிய பொருள் கொள்கிறது. ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை நாடு, ஏழ்குறும்பனை நாடு என்று அடியார்க்கு நல்லார் அடுக்குகிறார். படம் வரைந்தவர்கள் இவற்றை அரசியல் எல்லைகளாகக் கொண்டு கட்டம் கட்டினார்கள். நிலப்பரப்பு வகைகளாக எடுத்தால் என்ன ஆகும்? தெங்கு என்றால் தாழ்ந்த ஈரக் கரை. குறும்பனை என்றால் நீர் குறைந்த மணற்பாங்கு. குன்றம் என்றால் நடு மேடு. குணகாரை கிழக்குப் பக்கம். பாலை மட்டும் இரண்டு: முன்னும் பின்னும்.

இரண்டு பாலை ஏன்? பழம்புலவர் என்ன நினைத்தார் என்பதை இங்கே ஆராயவில்லை. வரைபவன் என்ற முறையில் ஓர் அமைப்பை முன்வைக்கிறேன். மலையின் காற்று மோதும் பக்கம் நனையும், மறுபக்கம் காயும். மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கிழக்கே சற்றேறக்குறைய 30 கிலோமீட்டரில் உள்ள வாய் என்ற ஊரில் 1,000 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. ஆகவே வறட்சி கிழக்குச் சரிவில். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே காற்று தென்கிழக்கிலிருந்து வீசும். ஆகவே வறட்சி மேற்கில். மடகாஸ்கரில் கிழக்குக் கரை அடர்காடாகவும் மேற்கு காய்ந்தும் இருப்பது இதனால். குமரி நாடு நிலநடுக்கோட்டைத் தாண்டியதாக வைத்து, நடுவே குன்ற நாடுகளை நீளமாக ஓடவிட்டால், வடபகுதியில் மலைக்குக் கிழக்கே ஒரு பாலை, தென்பகுதியில் மேற்கே ஒரு பாலை தாமாகவே உருவாகின்றன. இரண்டு பாலைக்கும் இடம் கிடைத்துவிட்டது. எந்தப் பெயரையும் வலிந்து திணிக்கவில்லை.

மலையிலிருந்து மழையையும் மழையிலிருந்து பெயர்களின் இடத்தையும் இப்படி வருவிக்கலாம் என்பதே இந்தப் பகுதியின் முடிவு. நூற்றாண்டுக்கும் மேலாகக் கைவசம் இருந்த பட்டியலை இப்படி யாரேனும் ஒருமுறை வரைந்து பார்த்திருக்க வேண்டும்.

6. வரைநுட்பம்

6.1. கோடு போடும்போது இந்திய நிலஅளவைத் துறையின் தலப்படத்தை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. 1767இல் தொடங்கிய அந்தத் துறையின் பழைய எண்முறையில் மும்பையும் அம்பர்நாத்தும் 47ஆம் தாளின் உட்பிரிவுகளில் வரும். 1:50,000 அளவைப் படத்தில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர். கோடுகள் பழுப்பு, நீர் நீலம், காடு பச்சை. ஓடையைக் கடக்கும் இடத்தில் சமவுயரக்கோடு மேல்நோக்கி, அதாவது நீர் வரும் திசையில் கூர்ந்து மடியும். பழகாதவர் படங்களில் நான் முதலில் பார்ப்பது இந்த மடிப்பைத்தான். அது தலைகீழாக இருந்தால் ஆறு மலைமுகட்டின் மேல் ஓடுகிறது என்று பொருள்.

6.2. நிழலிடும்போது ஒளி வடமேற்கிலிருந்து வருவதாகக் கொள்வது மரபு. ஸ்விட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் 1965இல் எழுதிய நூல் இதற்கு இன்றும் அடிப்படை. ஒளியைத் தெற்கிலிருந்து வைத்தால் மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் கண்ணுக்குத் தோன்றிவிடும்.

6.3. கணினி வந்தபின் மலையை உருவாக்குவது எளிது. 1980களில் மாண்டெல்பிராட்டின் பின்னவடிவக் கணிதமும் கென் பெர்லினின் இரைச்சல் சார்பும் நொடியில் மலைகளைத் தந்தன. ஆனால் அம்மலைகளில் ஆறு இருக்காது. எங்கு பார்த்தாலும் வாயில்லாக் குழிகள். நீர் அரித்துச் செல்வதையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை மஸ்கிரேவும் அவர் தோழர்களும் 1989இல் வெளியிட்ட பின்னரே படம் நிலமாகத் தெரியத் தொடங்கியது. இன்று இன்னொரு எளிய வழியும் உண்டு: 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் எடுத்த உயரத் தரவும், இஸ்ரோவின் கார்ட்டோசாட் தரவும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாத்தேரான் தொடரை வெட்டி, திருப்பி, கடல்மட்டத்தை ஏற்றி வைத்தால் புதிய தீவு தயார்.

6.4. தரவு குறைவாக இருக்கையில் அறிவியலாளர்களும் கற்பனையைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். மேரி தார்ப்பும் புரூஸ் ஹீசனும் கடலடியை வரைந்த காலத்தில் ஆழக் கோட்டுப் படங்களை வெளியிட அமெரிக்கக் கடற்படை தடை விதித்திருந்தது. அதனால் நிலத்தோற்றச் சித்திரமாக வரைந்தார்கள். அளவீடு இல்லாத இடைவெளிகளைப் பாறையின் இயல்பறிந்து ஊகித்து நிரப்பினார்கள். அவர்கள் தரவைக் கொண்டு ஆஸ்திரிய ஓவியர் ஹைன்ரிஷ் பெரான் தீட்டிய இந்தியப் பெருங்கடல் படம் 1967இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழுடன் வந்தது. இலட்சத்தீவு முதல் சாகோஸ் வரை ஓடும் கடலடி முகடு அதில் தெளிவாகத் தெரியும். மூழ்கிய கண்டத்தின் எச்சம் என்று சிலர் கருதிய அம்முகடு, அம்பர்நாத்தின் கருங்கல்லை உமிழ்ந்த அதே எரிமலை ஊற்றின் மேல் தட்டு நகர்ந்தபோது உண்டானது. குமரியைத் தேடியவர்கள் கடலில் கண்டதும் நாம் ரயில் மேடையிலிருந்து காணும் மலையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

7. மால்குடி என்ற எதிர்ச்சான்று

எல்லாக் கற்பனை ஊருக்கும் படம் முன்கூட்டியே வேண்டியதில்லை. சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் மால்குடியை ஒரு ரயில் நிலையமாகத்தான் முதலில் கண்டார். சரயு ஆறு, மெம்பி மலை, லாலி விரிவு, கபீர் தெரு ஆகியவை நாவல் நாவலாகச் சேர்ந்தன. பின்னால் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஃபென்னெலி அந்நாவல்களைப் படித்தே ஊரின் வரைபடத்தை அமைத்தார். எழுதியவர் ஆற்றையும் மலையையும் ஒவ்வொரு கதையிலும் ஒரே இடத்தில் விட்டுவைத்ததால்தான் அது கூடிவந்தது.

8. படத்தின் மூலையில் எழுத வேண்டியது

கற்பனைப் படம் எவ்வளவுக்கு உண்மையாகத் தோன்றுகிறதோ அவ்வளவுக்கு வரைபவரின் பொறுப்பும் கூடுகிறது. இந்தியப் பெருங்கடலுக்கடியில் பழைய கண்டத் துண்டுகள் உண்டு என்று 2013இல் மொரீஷியஸ் மணலில் கிடைத்த சிர்க்கான் படிகங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் காட்டியபோது, அதையே குமரிக்கண்டத்துக்குச் சான்று என்று பலர் பரப்பினார்கள். அந்தத் துண்டுகள் பிரிந்து மூழ்கியது மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன். படத்தையும் ஆய்வையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பள்ளிப் பிள்ளைக்கு வேறுபாடு தெரியாது. அடியார்க்கு நல்லாரின் பட்டியல் கற்பனைக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அதைப் புவியியல் பாடமாக்கும்போது அவருக்கும் நன்மை இல்லை, பிள்ளைக்கும் நன்மை இல்லை.

ஆகவே குமரி நாட்டையோ வேறெந்தக் கற்பனை நாட்டையோ அச்சிடும் பதிப்பாளர்களையும் இதழாசிரியர்களையும் வேண்டிக்கொள்கிறேன். படத்தின் கீழ் வலது மூலையில் வரைந்தவர் பெயர், ஆண்டு, அளவை, உயரக்கோட்டு இடைவெளி, எந்த நூலின் எந்தக் குறிப்பிலிருந்து எடுத்தது, எந்தப் பகுதி வரைந்தவரின் ஊகம் என்பவற்றைக் கட்டாயம் அச்சிடுங்கள். ஊகித்த கரையைப் புள்ளிக்கோடாகவே வரையச் சொல்லுங்கள்.